விழுந்த கொம்பைத் தேடி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன மாதம் பனம்பழக் காலத்தைப் பற்றி ஒருவர் கேட்டதற்குப் பதில் எழுதும்போது, "யூட்டாவில் மகளிடம் போயிருந்த நேரம், மலைப்பள்ளத்தாக்கு ஒன்றில் மான் உதிர்த்த கொம்பைக் கண்டெடுத்தேன். அதுவும் பனம்பழம் பொறுக்குவது போலத்தான்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். பனம்பழத்தை விட்டுவிட்டு எல்லோரும் அந்த வரியையே பிடித்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். முப்பது வருடம் விலங்கியல் படிப்பித்தவனுக்கு இதைவிடச் சந்தோஷம் வேறென்ன? ஆகவே இந்த மாதம் முழுக்கக் கொம்புதான். ஆடு, மாடு, நாய் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, எழுபது வயதில் மலையேறிக் கொம்பு தேடினீர்களா? நடந்ததை முழுதாகச் சொல்லுங்கள். பனம்பழத்தோடு ஏன் ஒப்பிட்டீர்கள்?
(வாசகி, கொக்குவில்)

பதில்: சொல்கிறேன், பிள்ளை. 2023 ஏப்ரல் கடைசியில் நானும் மனைவியும் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள சோல்ட் லேக் சிற்றிக்குப் போய்ச் சேர்ந்தோம். மகளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது. மருமகன் வட்டுக்கோட்டைப் பிள்ளை, அங்கே போய்ப் பன்னிரண்டு வருடம். ஒவ்வொரு வருடமும் பனி கரையத் தொடங்கியதும் கொம்பு தேடப் போய்விடுவார். அந்த வருடம் மட்டும் வீட்டிலேயே இருந்தார். அந்த மாரியில் பனி மிகக் கடுமை. மான்கள் எலும்பும் தோலுமாய் நின்றன. அதனால் யூட்டா அரசு பெப்ரவரி 7ஆம் திகதி தொடக்கம் ஏப்ரல் முடியும்வரை மாநிலம் முழுவதும் கொம்பு தேடுவதைத் தடைசெய்திருந்தது. மே 1ஆம் திகதி தடை நீங்கியது. அந்த வாரச் சனிக்கிழமை என்னையும் ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டார்.

நாங்கள் போன இடத்தின் பெயர் புக் கிளிஃப்ஸ். யூட்டாவிலிருந்து கொலராடோவுக்குள் ஏறத்தாழ 200 மைல் நீளத்துக்கு ஓடும் செங்குத்துப் பாறைச் சுவர் அது. கீழே சாம்பல் நிறக் களிக்கல், மேலே மணற்கல் அடுக்கு. பிரைஸ் என்ற சிறு பட்டணத்தைத் தாண்டினால் தெரியத் தொடங்கும். அந்தச் சுவரைத் தண்ணீர் அறுத்து அறுத்து உண்டாக்கிய பள்ளத்தாக்குகள்தான் கன்யன். மேலிருந்து பார்த்தால் அடுத்த கரை கைக்கெட்டும் தூரம் போல இருக்கும். இறங்கி ஏற அரை நாள் போய்விடும்.

மருமகன் காரை நிறுத்தியதும் நடக்கத் தொடங்குவார் என்று நினைத்தேன். அவரோ ஒரு பாறையில் குந்திக்கொண்டு, பைனாகுலரை முக்காலியில் பூட்டி, எதிர்ச் சரிவைப் பார்க்கத் தொடங்கினார். ஒரு மணித்தியாலம். "மாமா, காலைச் செலவழிக்க முதல் கண்ணைச் செலவழிக்க வேணும்" என்றார். அவர் பார்த்தது தெற்கு நோக்கிய சரிவை. அங்கே மாரியில் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்கும். தெற்குச் சரிவில்தான் பனி முதலில் கரைந்து புல் வெளியே தெரியும். பசித்த மான் அங்கேதான் வந்து நிற்கும். சரிவின் நடுவே திண்ணை மாதிரிச் சில தட்டையான இடங்கள் உண்டு. மத்தியானத்தில் அவை அங்கே படுத்து அசைபோடும். பிறகு வேலி. எட்டிப் பாய்ந்து நிலத்தில் கால் ஊன்றும் அதிர்ச்சியில், ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த கொம்பு கழன்று விழும். மேயும் இடம், படுக்கும் இடம், பாயும் இடம் மூன்றையும் பார்த்து வைத்துக்கொண்டு பிறகுதான் எழும்பினார்.

எனக்கு முதல் மூன்று மணித்தியாலம் ஒன்றும் தென்படவில்லை. பன்னிரண்டு தரமாவது ஏமாந்திருப்பேன். அங்கே ஜூனிப்பர் என்று ஒரு மரம். பட்டுப்போன அதன் கிளை வெள்ளி நிறத்தில் முறுகிப்போய், கொம்பு போலவே கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு ஏறினேன். அப்போதுதான் அப்பாச்சி நினைவுக்கு வந்தா.

உரும்பிராயில் எங்கள் வளவில் இருபத்தேழு பனை. ஆவணி, புரட்டாதியில் இரவு முழுக்கத் தொப்புத் தொப்பென்று பழம் விழும் சத்தம் கேட்கும். விடியப் புறம் நான்கு மணிக்கு அரிக்கன் லாம்போடு என்னை எழுப்பிக்கொண்டு போவா. கறுத்த பழம், கறுத்த நிலம், மேலே காவோலை. எனக்கு ஒன்றும் தெரியாது. "பழத்தைத் தேடாதை, உருண்டையைத் தேடு" என்பா. காவோலை நீட்டு, மட்டை நீட்டு, புல்லும் நீட்டு. அந்த வளவில் உருண்டையாய் இருப்பது பழம் ஒன்றுதான். பழத்துக்காகப் பனைக்குப் பொல்லெறிந்தால் முதுகில் அடி விழும். விழும்வரை இருக்க வேண்டும். அது வீட்டுச் சட்டம்.

அந்தச் சரிவில் நின்று அதையே செய்து பார்த்தேன். கொம்பைத் தேடுவதை விட்டேன். இந்த மலையில் இல்லாத ஒன்று கொம்பில் என்ன இருக்கும்? பட்ட கிளையின் நுனி முறிந்து சிலும்பி நிற்கும். கொம்பின் நுனியோ மரத்திலும் மண்ணிலும் தேய்த்துத் தேய்த்து மினுங்கும். ஆகவே மினுங்கும் வெள்ளை நுனியை மட்டும் தேடினேன். கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை. சேஜ் பற்றை ஒன்றின் அடியில், மல்லிகை மொட்டு வரிசையாய்க் குத்தி வைத்தாற்போல நான்கு வெள்ளை நுனிகள். அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகுதான் மிச்சம் எல்லாம் நிலத்திலிருந்து எழும்பி வந்ததுபோலத் தெரிந்தது. தண்டு, வளைவு, அடி. என் இடுப்பளவைத் தாண்டிய நீளம், ஆறு கிளை, இடப் பக்கக் கொம்பு. அமெரிக்கர் எல்க் என்று சொல்லும் பெரிய மானுடையது.

உடனே தூக்கவில்லை. பக்கத்தில் இருந்து பார்த்தேன். நிறம் நன்றாகக் காய்ந்த பனாட்டின் நிறம். தண்டு நெடுக நீளவாட்டில் வாய்க்கால் மாதிரிக் கோடுகள். கொம்பு வளர்ந்த காலத்தில் இரத்தக் குழாய் ஓடிய தடம் அது. அடியை நெருங்க நெருங்கப் பாகற்காய்த் தோல் போலச் சொரசொரப்பு. அடியில் ஒரு வளையம், அதற்குக் கீழே சற்றுப் புடைத்த முகம், அதன் சின்னத் துளைகளில் காய்ந்த இரத்தம் கறுப்பாய். முகர்ந்தால் ஜூனிப்பர்ப் பிசின் வாசம். நடுக்கிளையில் எலி கரண்டத் தொடங்கியிருந்தது. இரண்டிரண்டாய்ப் பல் பதிந்த கோடுகள், உளியால் சீவினது மாதிரி. கல்சியத்துக்கும் பொசுபரசுக்கும்தான் அது கரண்டுகிறது. ஒரு வருடம் பிந்தியிருந்தால் பாதிதான் மிஞ்சியிருக்கும்.

வீட்டுக்கு வந்து நிறுத்தபோது ஒன்பது இறாத்தல். இப்படி இரண்டை ஆறு ஏழு மாதம் தலையில் வைத்துக்கொண்டு அந்த மலையில் அது ஏறி இறங்கியிருக்கிறது.

கேள்வி: கொம்பு விழும்போது மானுக்கு நோகாதா? எங்கள் வீட்டு மாட்டுக்கு ஏன் விழுவதில்லை?
(8ஆம் தர மாணவி, சாவகச்சேரி)

பதில்: நல்ல கேள்வி, குஞ்சு. இரண்டாவதை முதலில் சொல்கிறேன். தமிழில் இரண்டுக்கும் கொம்பு என்ற ஒரே சொல்தான். ஆனால் அவை வேறு வேறு பொருள். மாட்டின் கொம்பில் உள்ளே எலும்பு, வெளியே உன் நகம் எதனால் ஆனதோ அதனாலேயே ஆன ஓர் உறை. அது பிறந்த பிறகு முளைத்து, சாகும்வரை வளரும். விழாது, முறிந்தால் புதிதாய் வராது. ஆடு, எருமை, இரலை எல்லாவற்றுக்கும் இப்படித்தான். மானின் கொம்பு முழுக்க முழுக்க எலும்பு. பழையது விழும், புதியது வளரும். அனேகமாக ஆணுக்குத்தான் உண்டு. பனிமான் ஒன்றில் மட்டும் பெண்ணுக்கும் இருக்கும்.

இனி நோவைப் பற்றி. கொம்பு வளரும் காலத்தில் அதன்மேல் பட்டுப்போல ஒரு தோல் மூடியிருக்கும். அதற்குள் இரத்தமும் நரம்பும் ஓடும். அப்போது இடித்தால் நன்றாக நோகும். அதனால்தான் அந்தக் காலத்தில் ஆண்மான் பற்றைக்குள் தலையைக் கொடுக்கப் பயப்படும். நான் சொன்ன வட அமெரிக்க மானுக்கு ஏப்ரலில் தொடங்கி ஓகஸ்ட் வரை வளர்ச்சி. மும்முரமான நாட்களில் ஒரு நாளைக்கு 2.5 சென்ரிமீற்றர்கூட வளரும். உன் அடிமட்டத்தை எடுத்துப் பார். முழு அடிமட்டமும் இரண்டு கிழமைக்குள் வளர்ந்து முடிந்துவிடும்! பாலூட்டிகளில் இவ்வளவு கெதியாய் வளரும் எலும்பு வேறில்லை. புல்லில் கிடைக்கும் கல்சியம் போதாமல், தன் விலா எலும்பிலிருந்தும் அந்த மான் எடுத்துக் கொம்புக்குக் கொடுக்கும். பிறகு தின்று தின்று விலாவை நிரப்பிக்கொள்ளும்.

ஓகஸ்டில் இரத்த ஓட்டம் நின்று, அந்தத் தோல் காய்ந்து உரியும். அதற்குப் பிறகு அது உயிரில்லாத எலும்பு, நரம்பும் இல்லை. செப்ரெம்பரில் பெண்மான்களுக்காகச் சண்டை. முந்நூறு கிலோ எடையுள்ள இரண்டு மான்கள் கொம்பைக் கொம்போடு பூட்டித் தள்ளும். அப்போதும் கழலாது. மாரி முடியும்போது உடலில் ஆண் ஓமோன் குறைந்துவிடும். அது குறைந்ததும் எலும்பை அரிக்கும் கலங்கள் கொம்பும் தலையும் சேரும் இடத்தில் வேலையைத் தொடங்கும். சில நாட்களுக்குள் அந்த உறுதியான பொருத்து இளகிவிடும். தலையை ஒரு தரம் உதறினாலே விழுந்துவிடும். இது மார்ச், ஏப்ரலில் நடக்கும். உனக்குப் பால்பல் விழுந்தது போலத்தான். கொஞ்சம் இரத்தம் கசியும், பொருக்குக் கட்டும், அதற்கடியில் அடுத்த கொம்பு முளைக்கத் தொடங்கும். இரண்டு பக்கமும் அனேகமாக ஒரே நேரத்தில் விழாது. சில மணித்தியாலமோ சில நாளோ ஒற்றைக் கொம்போடு, பாரம் ஒரு பக்கம் இழுக்க, தலையைச் சரித்துக்கொண்டு திரியும்.

கேள்வி: நுவரெலியாவில் வெள்ளைக்காரத் துரைமார் வேட்டையாடிய 'எல்க்' என்பதும் நீங்கள் சொல்லும் மானும் ஒன்றா? அந்தப் பெயரில் அங்கே ஒரு சமவெளியே இருக்கிறதே.
(ஓய்வுபெற்ற தபாலதிபர், நல்லூர்)

பதில்: ஒன்றல்ல, ஐயா. இந்தப் பெயர்க் குழப்பம் பெரிய குழப்பம். ஐரோப்பாவில் எல்க் என்றால் மூஸ் என்று அமெரிக்கர் சொல்கிற, கை விரித்தாற்போல் கொம்புள்ள பெருவிலங்கு. அமெரிக்காவுக்குப் போன ஆங்கிலேயர் அங்கே கண்ட வேறொரு பெரிய மானுக்கு அந்தப் பெயரைச் சூட்டினார்கள். இலங்கைக்கு வந்தவர்களோ நம்முடைய மரைக்குச் சூட்டினார்கள். 1848ஆம் ஆண்டளவில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் நாய்களோடு துரத்தியதெல்லாம் மரைதான். எல்க் சமவெளி என்பதும் மரை மேய்ந்த வெளிதான்.

அமெரிக்க மானுக்கு அந்த மண்ணின் பூர்வகுடிகள் வைத்த பெயர் வாப்பிட்டி. பின்புறம் வெளுத்தது என்று பொருள். குழப்பமில்லாத பெயர், நானும் இனி அதையே எழுதுகிறேன். நம்முடைய விலங்கைத் தமிழ்நாட்டில் கடமான் என்றும் மிளா என்றும் சொல்வார்கள், நமக்கு மரை. வவுனியாவில் மரையடித்தகுளம் என்று ஊருக்கே பெயர் உண்டு. மரைக்கொம்பில் பக்கத்துக்கு மூன்று கிளை, வாப்பிட்டிக்கு வளர்ந்த பருவத்தில் ஆறு. இன்னொரு வித்தியாசமும் உண்டு. வாப்பிட்டி எல்லாம் ஒரே பருவத்தில் உதிர்க்கும், அதனால்தான் அங்கே தேடுவதற்கும் ஒரு பருவம். மாரியும் கோடையும் அப்படிப் பிரியாத நம் நாட்டில் மரை ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதத்தில் உதிர்க்கும்.

கேள்வி: காரைநகரில் எங்கள் பழைய வீட்டு விறாந்தையில் ஒரு சோடி மரைக்கொம்பு தொங்குகிறது. அப்பப்பா காலத்தது. அது விழுந்த கொம்பா, சுட்ட மானின் கொம்பா என்று கண்டுபிடிக்க வழி உண்டா? வீட்டை விற்கப்போகிறோம், கொம்பை என்ன செய்வது?
(வாசகர், காரைநகர்)

பதில்: வழி உண்டு, இரண்டு நிமிட வேலை. கொம்பைக் கழற்றி அடியைப் பாருங்கள். உதிர்ந்த கொம்பு என்றால் அடி வளையத்துக்குக் கீழே உடனே முடிந்துவிடும். அந்த முகம் சற்றுப் புடைத்து, கரடுமுரடாய், சிறு துளைகளோடு இருக்கும். வளையத்துக்குக் கீழே கட்டை மாதிரி ஒரு துண்டு எலும்பு நீண்டால், அல்லது இரண்டு கொம்பையும் மண்டையோட்டுத் துண்டு இணைத்தால், அது கொன்ற மான். வாள் அறுத்த தட்டையான முகம் இருந்தாலும் அப்படித்தான். நம் பழைய வீடுகளில் சால்வையும் தொப்பியும் மாட்டுவதற்கு வைத்திருந்த கொம்புகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் மண்டையோட்டோடு உள்ளவைதான். அப்பப்பாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தக் காலத்தில் வன்னிக்குப் போய்ச் சுட்டுக்கொண்டு வருவது பெருமையாக இருந்தது. ஆனால் கொம்பு என்ன சொல்கிறதோ அதை உள்ளபடி சொல்ல வேண்டும்.

விற்கவேண்டாம். வீட்டோடு சேர்த்தும் கைமாற்றவேண்டாம், தெரிந்தவருக்கு அன்பளிப்பாகவும் கொடுக்கவேண்டாம். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எவ்வளவு காலமாக வீட்டில் இருக்கிறது, எப்படி வந்தது என்பதைப் படத்தோடு எழுதி, அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள். கடிதத்தின் பிரதியைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: மகன் டென்வரில் படிக்கிறான். நண்பர்களோடு கொம்பு தேடப் போகப்போகிறானாம். ஆபத்து ஏதும் உண்டா? சட்டச் சிக்கல் வருமா?
(தாய், மானிப்பாய்)

பதில்: இரண்டும் உண்டு, தங்கச்சி. இந்தப் பதிலை வெட்டி மகனுக்கு அனுப்பிவிடுங்கள்.

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இதில் சட்டத்தின் பின்னால் இருக்கும் காரணம்தான் எனக்கு முக்கியம். மகன் இருக்கும் கொலராடோவில் 25ஆம் இலக்க நெடுஞ்சாலைக்கு மேற்கே உள்ள பொதுநிலங்களில் ஜனவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை கொம்பு எடுக்கக் கூடாது. வயோமிங்கின் மேற்குப் பகுதியிலும் மே பிறந்த பிறகுதான். யூட்டாவில் தேடப் போகிறவர் இணையத்தில் ஒரு சிறு பாடம் படித்து, சான்றிதழைக் கையோடு கொண்டுபோக வேண்டும். தேசியப் பூங்காக்களில் எக்காலத்திலும் தொடக்கூடாது. பூர்வகுடிகளின் ஒதுக்கு நிலத்துக்குள்ளும் தனியார் காணிக்குள்ளும் கேட்காமல் கால் வைக்கக் கூடாது. புக் கிளிஃப்ஸில் ஊட் மக்களின் நிலம் பக்கத்திலேயே இருக்கிறது. எல்லை எது என்று கைப்பேசி வரைபடத்தில் ஒவ்வொரு மேட்டிலும் மருமகன் பார்த்துக்கொண்டார். விதிகள் வருடத்துக்கு வருடம் மாறும், புறப்பட முதல் அந்தந்த மாநிலத்தின் வனவிலங்குத் துறையிடம் மகன் கேட்டுக்கொள்ளட்டும்.

ஏன் இந்தத் தடை? கொம்பு உதிரும் மாதங்கள்தான் மானுக்குப் பஞ்ச மாதங்கள். கோடையில் சேர்த்த கொழுப்பை மாரி முழுக்கத் தின்று தீர்த்திருக்கும். பெண்மானின் வயிற்றில் குட்டி இருக்கும். புதுப் புல் வர இன்னும் சில கிழமைதான். அந்த நேரத்தில் ஒருவர் எதிர்ப்பட, அது இடுப்பளவு பனியில் ஒரு மலை ஓடுகிறது. மத்தியானம் இன்னொருவர், பின்னேரம் இன்னொருவர். ஓடிய மான் அன்றைக்குச் சாகாது. பத்து நாள் கழித்து, கொழுப்புத் தீர்ந்து, யாரும் காணாத பற்றைக்குள் படுத்து எழும்பாமல் போகும். அங்கே நாங்கள் நடந்தபோது அப்படிக் கிடந்த இரண்டு உடல்களைக் கண்டேன். ஒன்று பெண். எதனால் செத்தன என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது, அந்த மாரியின் கடுமையே போதும். ஆனால் அவற்றின் முன்னால் நின்ற பிறகு, திகதிக்கு முன்னால் களவாய்ப் போகிறவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. கொம்பு விழுந்தால் ஓடாது. மே மாதமும் அங்கேயேதான் கிடக்கும்.

ஆபத்தைப் பற்றி என் கையே சொல்லும். மத்தியானத்துக்குப் பிறகு இறங்கும்போது களிக்கல் சரிவில் கால் வைத்தேன். பார்வைக்கு உறுதியான தரை. மிதித்தால் ஓட்டுத்துண்டுகள் மாதிரி எல்லாம் சேர்ந்து வழுக்கும். பத்தடி சறுக்கி, உள்ளங்கை கிழிந்து, கொம்பைப் பொல்லாக ஊன்றித்தான் நின்றேன். கீழே இன்னும் நாற்பதடி இருந்தது. மருமகன் துவாயைக் கிழித்துக் கட்டிவிட்டார். ஏறுவது இலகு, இறங்குவதில்தான் விழுவார்கள். கண் கொம்பைத் தேடும்போது கால் தரையை மறந்துவிடும். அதனால் ஒரு பழக்கம்: பார்ப்பதென்றால் நின்று பார், நடப்பதென்றால் காலைப் பார்.

தனியாகப் போகவேண்டாம். எந்தப் பள்ளத்தாக்கு, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகட்டும், பள்ளத்துக்குள் கைப்பேசி எடுக்காது. செய்மதி மூலம் செய்தி அனுப்பும் சின்னக் கருவி விற்கிறது, நண்பர்கள் சேர்ந்து ஒன்று வாங்கலாம். ஆளுக்கு நான்கு லீற்றர் தண்ணீர். காலையில் வெயில், பின்னேரம் பனிக்கட்டி மழை, அதனால் ஒரு தடித்த சட்டை பையில் இருக்க வேண்டும். வெயில் ஏறினால் கிலுகிலுப்பைப் பாம்பு பாறையில் வந்து படுக்கும், பிடிமானத்துக்குக் கை வைக்கும் இடத்தைப் பார்த்து வைக்கட்டும். தூரத்தில் எங்கோ மழை பெய்தாலும் இந்தப் பள்ளத்தாக்குகளில் திடீர் வெள்ளம் வரும். வானம் கறுத்தால் அடித்தளத்தில் நிற்கக் கூடாது. கணுக்காலை மூடும் உயரச் சப்பாத்து, பழகியது. புதுச் சப்பாத்தோடு போனால் பத்து மைலில் குதிக்கால் கழன்றுவிடும்.

ஒரு பக்கக் கொம்பு கிடைத்தால் சோடியைத் தேடாமல் வரவேண்டாம். கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, அதைச் சுற்றி வட்டம் வட்டமாகப் பெருப்பிக்க வேண்டும். பத்தடியிலும் கிடக்கும், ஒரு மைல் தள்ளியும் கிடக்கும்.

கேள்வி: அமெரிக்க நாட்காட்டி ஒன்றில் கொம்பாலேயே கட்டிய வளைவைப் பார்த்தேன். அதற்காக எத்தனை மான் செத்திருக்கும்?
(வாசகர், பருத்தித்துறை)

பதில்: ஒன்றும் சாகவில்லை, தம்பி. அது வயோமிங் மாநிலத்தில் ஜாக்சன் என்ற பட்டணத்தின் நடுப்பூங்கா. நான்கு மூலையிலும் நான்கு வளைவுகள், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 2,000 கொம்பு. முதலாவதை 1953இல் கட்டினார்கள். பட்டணத்தை ஒட்டி 1912இல் உண்டான வாப்பிட்டிச் சரணாலயம் இருக்கிறது. மாரியில் ஆயிரக்கணக்கில் வந்து தங்கி, கொம்பை உதிர்த்துவிட்டு மலைக்குத் திரும்பும். சரணாலயத்துக்குள் பொதுமக்கள் பொறுக்கக் கூடாது. சாரணச் சிறுவர்கள் பொறுக்கி, மே மாதத்தில் அந்தப் பூங்காவில் ஏலம் விடுகிறார்கள். வரும் பணத்தில் பெரும்பங்கு சரணாலயத்துக்கே போகிறது. நம் சாரணப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு வேலை கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கேள்வி: மான்கொம்புப் பற்பம் நெஞ்சுநோவுக்கு நல்லது என்கிறார்கள். அங்கிருந்து ஒரு துண்டு அனுப்பச் சொல்லலாமா?
(வாசகி, சுன்னாகம்)

பதில்: சொல்லவேண்டாம், அம்மா. சித்த மருத்துவத்தில் அந்தப் பற்பம் உண்டு, மறுக்கவில்லை. அது முறைப்படி புடமிட்டு, பதிவுபெற்ற வைத்தியர் அளவு பார்த்துக் கொடுப்பது, வீட்டில் தேய்த்துக் குடிப்பதல்ல. நெஞ்சு நோகிறது என்றால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுங்கள். இன்றைக்கே.

கேள்வி: நானும் நண்பர்களும் கிளிநொச்சி, முல்லைத்தீவுக் காட்டில் மரைக்கொம்பு தேடிப் பார்க்கலாமா?
(இளைஞர், பரந்தன்)

பதில்: வேண்டாம், தம்பி. உன் ஆசையை அறுக்கச் சொல்லவில்லை. சட்டம் ஒருபக்கம், காரைநகர்க்காரருக்குச் சொன்னதைப் படி. அதைவிடப் பெரிது, நம் காட்டில் பாதையை விட்டு இறங்கினால் என்ன புதைந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கண்ணிவெடி அகற்றுகிறவர்களின் சிவப்புப் பலகையை நீயே பார்த்து வளர்ந்திருப்பாய். அங்கே நான் கண்ணை எங்கும் அலையவிட்டு நடந்தபோது எனக்கே நெஞ்சுக்குள் ஒரு நினைப்பு வந்தது. நிலத்தை இப்படிப் பயமில்லாமல் பார்த்து எத்தனை காலம்! யானையும் கரடியும் வேறு. கொம்பு கிடந்தாலும் முழுதாய்க் கிடைக்காது, முள்ளம்பன்றி முந்திவிடும்.

தேடிப் பார்க்க ஆசை என்றால் தடம் தேடு. மழை விட்ட அடுத்த நாள் குளக்கட்டு ஓரத்தில், மக்கள் நடமாடும் பாதையிலேயே, மானும் பன்றியும் வந்துபோன குளம்படி கிடக்கும். மரையின் குளம்படி புள்ளிமானுடையதைவிட நன்றாகப் பெரிது. படம் எடுத்து, பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை அளவுக்கு வைத்து எனக்கு அனுப்பு. எது எதென்று எழுதுகிறேன்.

கேள்வி: நீங்கள் எடுத்த கொம்பு இப்போது எங்கே? பார்க்க வரலாமா?
(கொக்குவில் வாசகியின் கடிதத்திலேயே பின்குறிப்பு)

பதில்: கொண்டுவரவில்லை, பிள்ளை. இரண்டு நாட்டுச் சுங்கத்துக்கும் வனவிலங்குத் துறைக்கும் விண்ணப்பித்துக் கொண்டுவர எனக்கு மனமும் இல்லை. அது மகளின் வீட்டு வாசற்படியில் கிடக்கிறது. சோடியை அன்று பொழுதுபடும் வரை தேடினோம், கிடைக்கவில்லை. மருமகன் அடுத்த மே மாதம் அதே சரிவுக்குப் போய், அரை மைல் தள்ளி ஒரு வலப் பக்கக் கொம்பை எடுத்துவந்தார். புதியது, அந்த வருடத்தது. ஒரு மானின் கொம்பு வருடா வருடம் ஏறத்தாழ ஒரே வடிவத்தில் வளரும். என் கொம்பின் மூன்றாவது கிளை வெளிப்பக்கமாய்ச் சற்று முறுகியிருக்கும். இதிலும் மூன்றாவது கிளை அப்படியே முறுகி, எதிர்ப்பக்கம் பார்க்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் அனுப்பினார். அதே மான்தான் என்று சத்தியம் பண்ண முடியாது. ஆனால் அந்தக் கடுமையான மாரிக்குப் பிறகு அது இன்னொரு வருடம் உயிரோடு நின்றிருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். படத்தைப் பெருப்பித்து மேசையில் வைத்திருக்கிறேன். ஞாயிறு பின்னேரம் வீட்டில் நிற்பேன், வந்து பாருங்கள்.